அறிந்த வேதமும் வாழ்ந்த வேதமும்
(யூபிலி நவநாளில் ஆற்றிய உரை)



யூபிலியை முன்னிட்டு நம் பங்கில் நடந்த வேதாகம வினா விடைப் போட்டியை நாம் எல்லோரும் கண்டோம். நோவாவின் பேழை எத்தனை முழம் என்று கேட்டு வாய் மூடுமுன் பதில் வந்தது. சிறுவர்கள் மட்டுமா, பெரியவர்களும் சளைக்கவில்லை. சந்தோஷம்தான். நம் பாட்டன்மார் லத்தீன் பூசையில் ஜெபமாலை உருட்டிக் கொண்டிருந்தவர்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962-65) பிறகுதான் தமிழில் பூசையும், வீட்டுக்கு வீடு வேதாகமமும் நமக்கு வந்தன. வந்ததைக் கொண்டு நாம் என்ன செய்தோம்?

நம் மண்ணின் வேதசாட்சி புனித தேவசகாயத்தை எண்ணிப் பார்ப்போம். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசில் உத்தியோகம் பார்த்தவர். சொத்து நஷ்டப்பட்டு மனம் உடைந்திருந்த நேரத்தில், அவருடைய நண்பர் டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். இந்த டிலனாய் 1741-இல் குளச்சல் போரில் கைதியாகி, பின்பு அதே அரசின் தளபதியான டச்சுப் படையினர். கத்தோலிக்கர் அச்சிட்ட தமிழ் வேதாகமம் இன்னும் வராத காலம் அது. தேவசகாயம் நமது போட்டிக்கு வந்திருந்தால் முதல் சுற்றிலேயே தோற்றுப் போயிருப்பார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆனால் கேட்ட அந்த ஒரு கதை அவரை விடவில்லை. 1745 மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். உயர்ந்த குலத்தில் பிறந்தவர், ஒதுக்கப்பட்ட மக்களோடு வேற்றுமை பாராமல் பழகினார். அரண்மனையில் இருந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1749-இல் சிறைப்பட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உத்தியோகம், நிலம், உறவு எல்லாம் போய்விட்டன. யோபுவுக்கு இழந்தவை இரட்டிப்பாகத் திரும்பி வந்தன. இவருக்கு இவ்வுலகில் ஒன்றும் வரவில்லை. 2022 மே 15-இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். நாமும் வெடி வெடித்துக் கொண்டாடினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் கட்டிய கோவிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். பீடம் ஒன்று, பூசை ஒன்று, சுவரின் இருபுறமும் காதில் விழுந்த சுவிசேஷமும் ஒன்றே. 1910-இல் அதை இடித்தபோது, இடித்தது தவறு என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குக்குப் போனார்கள். போனவர்கள் வேதம் தெரியாதவர்களா? ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வந்தவர்கள்தான்.

அந்த ஊரைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நம் சப்பரம் ஏன் தெற்குத் தெருவுக்குப் போவதில்லை? தெரு குறுகல், மின்கம்பி தாழ்வு என்று காரணம் சொல்லிப் பழகிவிட்டோம். அதைவிடக் குறுகலான மேற்குச் சந்துக்குள் அதே சப்பரம் ஆண்டுதோறும் நுழைந்து வருகிறதே! சென்ற ஆண்டு பங்குப் பேரவையில் தெற்குத் தெருப் பெரியவர் ஒருவர் எழுந்து, “எங்க வாசலுக்கு மாதா வரக்கூடாதா சாமி?” என்று கேட்டபோது, அங்கே இருந்த நாம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது மேடையேறிப் பேசுகிற நாமும் அன்று தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தோம். அந்தப் பெரியவர் வினா விடைப் போட்டியில் பெயர் கொடுக்கவில்லை. அவருக்கு எழுத்து வாசனை கிடையாது.

பங்குக் குருவானவர் இம்முறை தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ஞாயிறு மாலை ஆறரை மணிக்குச் சப்பரம் புறப்பட்டு முதலில் தெற்குத் தெருவுக்குத்தான் போகிறது. கம்பியைத் தூக்கிப் பிடிக்க மூங்கில் கம்புகள் தயாராக இருக்கின்றன. தோள் கொடுக்க இருபது பேர் வேண்டும். இதுவரை பெயர் கொடுத்திருப்பவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேரும் தெற்குத் தெருவினர்.