நெஞ்சில் உள்ள கோடு: ஒரு தாயின் அனுபவப் பகிர்வு



பிள்ளைகளின் இருதயச் சத்திரசிகிச்சை பற்றி இந்த மாத உரையில் பேசும்படி கேட்டிருந்தார்கள். நான் வைத்தியர் அல்ல. இருதயக் குறைபாட்டோடு பிறந்த ஒரு பெண் பிள்ளையின் தாய். எங்கள் மகளுக்கு 2018ஆம் ஆண்டு, ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது, ரொறன்ரோவில் சத்திரசிகிச்சை நடந்தது. இன்று அவள் பள்ளிக்கூடம் போகிறாள், பரதம் பழகுகிறாள், தமையனோடு சண்டை பிடிக்கிறாள். இங்கே பேசுவதற்கு அவளிடமும் கேட்டேன். "சொல்லுங்கோ அம்மா, ஆனா என்ரை பேரைச் சொல்லாதேங்கோ" என்றாள். அதனால் பெயர் சொல்லாமல் பேசுகிறேன்.

பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று இருதயத்தில் ஏதோ ஒரு குறைபாட்டோடு பிறக்கிறது. சில ஓட்டைகள் தானாகவே மூடிவிடும். சிலவற்றுக்குச் சத்திரசிகிச்சை வேண்டும். எங்கள் சனத்துக்குள்ளும் இப்படியான பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அதைப் பற்றிக் கதைப்பவர்கள் குறைவு. அந்தக் கதையாமையைப் பற்றியும் இன்று சொல்ல வேண்டும்.

மகளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது குடும்ப வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வழமையை விடக் கூட நேரம் கேட்டார். பிறகு, "பால் குடிக்கும்போது வேர்க்கிறதா? இடையில் நிறுத்தி மூச்சு வாங்குகிறாளா? அழும்போது உதடு நீலமாகிறதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்றுக்கும் ஆம் என்றுதான் பதில். அந்த வாரமே பிள்ளைகள் வைத்தியசாலையில் இருதயத்தை ஒலி அலையால் படம் பிடித்தார்கள். நோயின் பெயர் ரெட்ராலஜி ஒஃப் ஃபலோ. 1888இல் இதை விரிவாக எழுதிய பிரெஞ்சு வைத்தியர் ஃபலோவின் பெயரால் அழைக்கிறார்கள்.

வைத்தியர் ஒரு கடதாசியில் படம் கீறி விளங்கப்படுத்தினார். இருதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஒரு ஓட்டை. நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழி ஒடுக்கம். உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருநாடி அந்த ஓட்டைக்கு மேலே இடம் மாறி நிற்கிறது. ஒடுங்கிய வழியால் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி வலது அறையின் தசை தடித்துவிட்டது. இந்த நான்கும் சேர்ந்ததால், ஒட்சிசன் ஏறாத இரத்தம் உடம்புக்குள் கலக்கிறது. அதுதான் அந்த நீலம்.

சத்திரசிகிச்சை வரைக்கும் வீட்டில் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்றைச் சொல்லித்தந்தார்கள். பிள்ளை திடீரென்று கடுமையாக நீலமாகி மூச்சுக்குத் திணறினால், இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், அமைதிப்படுத்த வேண்டும், உடனே 911ஐ அழைக்க வேண்டும். எங்களுக்கு அது ஒரு தடவை தேவைப்பட்டது. கையும் காலும் பதறின. ஆனாலும் சொல்லித்தந்தபடி செய்தோம்.

செய்தி கேட்டதும் சொந்தத்துக்குள் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. கிரகணத்தன்று வெளியே போனாயா, அன்னாசி சாப்பிட்டாயா, கர்ப்பமாக இருக்கும்போது பயந்தாயா என்று கேள்விகள். கேட்டவர்கள் அன்பானவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் தாயின் தலையில் ஒரு குற்றச்சாட்டாக விழுகிறது. வைத்தியர் எங்களுக்குச் சொன்னது இதுதான்: சில பிள்ளைகளில் மரபணுக் காரணம் இருக்கும், தாயின் நீரிழிவும் சில மருந்துகளும் காரணமாகலாம், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளில் இன்னதுதான் என்று ஒன்றைக் காட்ட முடியாது. தாய் எதையோ செய்ததால் வந்தது என்று நினைக்க வேண்டாம் என்று அழுத்திச் சொன்னார்.

அடுத்தது கையெழுத்து. சத்திரசிகிச்சைக்குச் சம்மதப் பத்திரத்தில் பெற்றோர் ஒப்பமிட வேண்டும். என் கணவரால் பேனையை எடுக்க முடியவில்லை. அவர் ஊரில் தடுப்பில் இருந்தபோது, சிங்களத்தில் எழுதிய ஒரு கடதாசியை வாசிக்க விடாமல் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நேயர்களில் பலருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. விளங்காத மொழியில் ஒரு கடதாசி, அதில் மரணம் என்ற சொல், கீழே ஒரு கோடு. அவருக்கு அது வைத்தியசாலையாகத் தெரியவில்லை.

அங்கிருந்த சமூக சேவையாளர் அவரது முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்தார். அந்த அம்மா ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொன்னார். சத்திரசிகிச்சை நிபுணர் பொறுமையாக இருந்தார். பெரிய நிலையங்களில் இந்தச் சிகிச்சை பெறும் குழந்தைகளில் நூற்றில் தொண்ணூற்றேழுக்கு மேல் பிழைக்கிறார்கள் என்றார். மற்றச் சிலரைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். என் கணவர் பத்துக் கேள்விகள் கேட்டார். பிறகுதான் கையெழுத்து வைத்தார்.

நேயர்களே, உங்களுக்கு ஆங்கிலம் ஓரளவு தெரிந்தாலும் இப்படியான நேரத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நாங்கள் போன இடத்தில் அதற்குக் காசு இல்லை. பன்னிரண்டு வயது மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க நிற்பாட்டாதீர்கள். தங்கச்சி செத்துப்போகலாம் என்ற வசனத்தை ஒரு பிள்ளையின் வாயால் சொல்ல வைக்கக் கூடாது.

காத்திருந்த நாட்களில் நான் இந்த நோயின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். கனடாவின் மொன்றியல் நகரில் மோட் அபொட் என்ற பெண் வைத்தியர், ஆயிரம் பேரின் நோய் விபரங்களை ஆராய்ந்து, 1936இல் பிறவிக் குறைபாடுகளின் படத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். 1944 நவம்பரில் அமெரிக்காவின் பால்ற்றிமோரில் இந்த நோய்க்கு முதல் சத்திரசிகிச்சை நடந்தது. யோசனை ஹெலன் ராவ்சிக் என்ற பெண் வைத்தியருடையது. காது கேளாமல் போனதால் விரல்களால் பிள்ளைகளின் இருதயத் துடிப்பை அறிந்தவர் அவர். சத்திரசிகிச்சை செய்தவர் அல்பிரட் பிளலொக். அவருக்குப் பின்னால் நின்று எப்படித் தைப்பது என்று சொல்லிக்கொடுத்தவர் விவியன் தோமஸ். தச்சு வேலை தெரிந்த, வைத்தியப் பட்டம் இல்லாத ஒரு கறுப்பினத்தவர். 1976இல்தான் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் கிடைத்தது.

1954இல் மினசோற்றாவில் லிலிஹை என்ற நிபுணர், பிள்ளையின் இருதயத்தைத் திறந்து வேலை செய்யும்போது, பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரைப் பக்கத்து மேசையில் படுக்க வைத்து, அவரது இருதயத்தாலும் நுரையீரலாலும் பிள்ளைக்கும் இரத்தம் ஓட வைத்தார். இதை நான் என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். "இப்பவும் அப்பிடிச் செய்யலாம் எண்டால் நான் படுப்பன்" என்றார். இன்று அந்த வேலையை ஒரு இயந்திரம் செய்கிறது.

சத்திரசிகிச்சை நாளன்று காலை ஏழரை மணிக்கு மகளைக் கொடுத்தோம். கதவு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவர் அவர். 2009இல் வன்னியில் காயப்பட்ட தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். அங்கே கொண்டுபோய்க் கொடுக்க ஒரு சத்திரசிகிச்சை அறையும் மிச்சம் இருக்கவில்லை. இங்கே கதவு திறந்தது. பச்சை உடுப்போடு நின்ற ஒரு தாதி இரண்டு கையையும் நீட்டினார். இவர் பிள்ளையைக் கொடுத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

ஏழு மணித்தியாலங்கள். இருதயத்தை நிறுத்தி, ஓட்டையை ஒரு துண்டு வைத்துத் தைத்து, தடித்த தசையை வெட்டி, ஒடுங்கிய வழியை அகலமாக்கி, திரும்பத் துடிக்க வைத்தார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பிள்ளையை முதலில் பார்க்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். முகம் வீங்கியிருக்கும். வாயில் சுவாசக் குழாய், நெஞ்சில் நீர் வடியும் குழாய்கள், கழுத்திலும் கையிலும் ஊசிகள். எங்கள் பிள்ளைதானா என்று தேட வேண்டியிருக்கும். ஆனால் நான் முதலில் பார்த்தது அவளது நகங்களை. ரோசாப்பூ நிறத்தில் இருந்தன. ஐந்து மாதத்தில் அந்த நிறத்தை அன்றுதான் கண்டேன்.

இயந்திரங்கள் அடிக்கடி சத்தம் போடும். ஒவ்வொரு சத்தத்துக்கும் என் கணவர் குனிந்து சுவரோடு ஒதுங்கினார். எந்தச் சத்தம் என்னவென்று தாதியிடம் கேட்டோம். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தார். அது உதவியது. பிள்ளையின் நோய்க்குப் பிறகு நித்திரையின்மை, கெட்ட கனவு, படபடப்பு பெற்றோருக்கு வருவது வைத்தியர்கள் நன்கு அறிந்த விஷயம். எங்களைப் போல யுத்தத்தைக் கண்டவர்களுக்குப் பழையதும் சேர்ந்து எழும்பும். அதைச் சமூக சேவையாளரிடம் சொல்லுங்கள். அது வெட்கப்படுகிற விஷயம் அல்ல.

மூன்றாம் நாள் சுவாசக் குழாயை எடுத்தார்கள். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். நெஞ்செலும்பு பொருந்தும் வரைக்கும், ஆறு வாரமளவில், அக்குளில் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை தலைக்குக் கீழே, மற்றக் கை பின்புறத்துக்குக் கீழே வைத்து அள்ளி எடுக்க வேண்டும். காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது கசிவு, பால் குடிக்க மறுத்தல், வேகமாக மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் ஏதாவது கண்டால் உடனே வைத்தியசாலைக்கு அறிவிக்க வேண்டும். இரத்தம் ஏற்றியிருந்தால் சில தடுப்பூசிகளைப் பிந்திப் போட வேண்டியிருக்கும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தடிமன், இருமல் உள்ளவர்கள் பிள்ளை பார்க்க வரக் கூடாது என்று சொல்ல எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் சொன்னோம். நல்லவர்கள் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு அக்கா இரண்டு கிழமை மகனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். உதவி என்றால் அதுதான் உதவி.

இனி அந்தக் கதையாமைக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்த கிழமை, வயதில் மூத்த ஒரு மாமி என்னைத் தனியே கூப்பிட்டார். "பிள்ளை, இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு ஒரு கலியாணப் பேச்சு வரேக்கை இதைத்தான் கேப்பினம். அவளுக்கும் சொல்லாதை. சின்னனிலை விழுந்த காயம் எண்டு சொல்லி வளர்" என்றார்.

மாமியின் பயம் பொய்யான பயம் இல்லை. எங்கள் சனத்துக்குள் அப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நாங்கள் சொல்லித்தான் வளர்ப்பது என்று தீர்மானித்தோம். காரணம் வைத்தியம் சம்பந்தமானது. இந்தச் சத்திரசிகிச்சை பிள்ளையைக் காப்பாற்றுகிறது, ஆனால் அதோடு கதை முடிவதில்லை. நுரையீரலுக்குப் போகும் வழியில் உள்ள வால்வு பலருக்கு ஒழுகும். ஆண்டுகள் போகப் போக வலது அறை பெருக்கலாம். இளம் வயதிலோ அதற்குப் பிறகோ புதிய வால்வு வைக்க வேண்டி வரலாம். இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறலாம். இவற்றில் பல ஆரம்பத்தில் எந்த நோவும் காட்டாது. அதனால் வாழ்நாள் முழுவதும் பரிசோதனை வேண்டும். பிள்ளை பெற விரும்பும் பெண் அதற்கு முன்பே இருதய நிபுணரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் சரியான கண்காணிப்போடு நல்லபடி பிள்ளை பெறுகிறார்கள். அப்படியென்றால், கலியாணத்துக்காக மறைக்கிற விஷயம், கலியாணத்துக்குப் பிறகுதான் அவளுக்கு மிகவும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

ரொறன்ரோவில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. சிக்கலான இருதயக் குறைபாட்டுக்குப் பிள்ளைகள் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்று, 19 தொடக்கம் 21 வயது வரைக்கும் வளர்ந்தவர்களில், பெரியவர்களுக்கான சிறப்புச் சிகிச்சைக்கு ஒழுங்காக மாறியவர்கள் பாதிக்கும் குறைவு. சுகமாகிவிட்டோம் என்று நினைப்பவர்கள் பலர். தனக்கு என்ன நடந்தது என்றே தெரியாத பிள்ளை எப்படி வைத்தியரிடம் போகும்?

எங்கள் மகள் மூன்று வயதில் கேட்டாள், "இது என்ன கோடு?" என்று. "உன்ரை இருதயத்தைத் திருத்தின இடம்" என்றோம். ஐந்து வயதில் வைத்தியர் கீறிய அதே படத்தைக் காட்டினோம். பத்து வயதில் நோயின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லப் பழக்குவோம். சத்திரசிகிச்சை அறிக்கையின் பிரதி, திகதி, வைத்த துண்டு பற்றிய விபரம், பல் வைத்தியரிடம் போகுமுன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வேண்டுமா என்ற குறிப்பு எல்லாம் ஒரு கோப்பில் இருக்கின்றன. கடதாசி இல்லாமல் எல்லை கடந்து வந்து, ஒவ்வொரு கடதாசிக்கும் அலைந்தவர்கள் நாங்கள். எங்கள் பிள்ளைகள் தங்கள் உடம்பின் கடதாசி இல்லாமல் அலையக் கூடாது.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில், சிறு வயதில் கொழும்பிலோ சென்னையிலோ ஐரோப்பாவிலோ இருதயச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் இருக்கலாம். பல ஆண்டுகளாக ஒருவரிடமும் காட்டாமல் இருக்கலாம். அறிக்கை தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. குடும்ப வைத்தியரிடம் நெஞ்சில் உள்ள தழும்பைக் காட்டி, பிறவி இருதயக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கான சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பும்படி கேளுங்கள். ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. வேறு நகரங்களிலும் உண்டு.

பெற்றோருக்கு எனது வேண்டுகோள் ஒன்றுதான். பிள்ளையின் இருதயத்தின் கதை பிள்ளைக்குச் சொந்தம். அதைப் பத்திரமாக வைத்திருந்து, வயதுக்கு ஏற்றபடி அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.