அரணும் சிறையும்

கடல் சூழ்ந்த ஊரில் வாழ்தல் பேறா, இடரா? ஊர்காவற்றுறையிலிருந்து படகேறியே அடைதற்குரிய சிறுதீவு எழுவைதீவு. வைத்தியத்துக்கும் உயர்கல்விக்கும் கடல் கடக்க வேண்டியிருத்தலின், அக்கடலைத் தடையென நொந்து குடிபெயர்ந்தோர் பலர்.

2020 மார்ச் 20ஆம் நாள் இலங்கை எங்கணும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கொரோனாவுக்கு அஞ்சி உலகமே கதவடைத்தது. மாநகரங்களில் அடுத்த வீட்டாரின் இருமலும் அச்சமூட்டிய அந்நாளில், தடையாயிருந்த கடலே தீவுக்கு அரணாயிற்று. சனநெருக்கமின்மை குறையன்று, காப்பு என்பது புலனாயிற்று. கைவிடத் துணிந்த பனங்காணியும் மீன்படு கரையும் மீண்டும் அருமையாயின.

ஆயினும், அரணுக்கு வாயில் வேண்டும். நள்ளிரவில் நோயுற்றாரை ஏற்றிச் செல்லப் படகில்லையேல், அவ்வரணே சிறையாகும். பிறந்த மண்மீது மீண்ட பற்று நிலைபெற வேண்டுமாயின், துறையிலே ஒரு படகு எந்நேரமும் ஆயத்தமாய் நிற்றல் வேண்டும்.