கொட்டிலில் வைக்கும் உறைபெட்டிக்கு ஏற்ற மின்குதை

(கமக்காரப் பெண்கள் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய பேச்சு)



விதையையும் பசளையையும் பற்றிப் பேச வேண்டிய விவசாயப் போதனாசிரியன் மின்சாரத்தைப் பற்றிப் பேச வந்ததேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். விளைவித்ததைக் கெடாமற் காப்பதும் கமத்தொழிலின் ஒரு கூறேயாம். வைகாசி, ஆனி மாதங்களிலே கறுத்தக்கொழும்பான் ஒருசேரப் பழுக்கும்போது சந்தையில் விலை விழுந்துவிடுகின்றது. பனம்பழக் காலத்திலும் இதே கதைதான். அவ்வேளையிற் களியைப் பிழிந்து உறையவைத்து, விலை ஏறியபின் விற்பதற்காக நம் பகுதியிற் பல குடும்பங்கள் உறைபெட்டி வாங்கியிருக்கின்றன. டீப் பிரீசர் என்று நாம் பேச்சில் வழங்குவது இதனையே.

குசினியிலே இதற்கு இடம் போதாது. ஆகவே உழவு இயந்திரம் நிறுத்தும் கொட்டிலிலோ, வாகனக் கொட்டகையிலோ, களஞ்சிய அறையிலோ கொண்டுபோய் வைக்கின்றோம். அங்கே சுவரில் ஏதாவதொரு மின்குதை, அதாவது பிளக் பொயின்ற், இருக்கும். கைக்கெட்டிய அக்குதையிலே செருகியைச் செருகிவிட்டு, பெட்டி இரைவதைக் கேட்டதும் காரியம் முடிந்ததென்று திரும்பிவிடுகின்றோம். நட்டத்துக்கு வழி திறப்பது அவ்விடத்திலேதான்.

எனது பிரிவிலே ஒரு குடும்பத்தினருக்கு நேர்ந்ததைக் கூறுகின்றேன். அவர்களுடைய கொட்டிற் குதையும் கிணற்றடி நீர்ப்பம்பியும் ஒரே ட்ரிப் சுவிச்சின் கீழ் இணைக்கப்பட்டிருந்தன. ஐப்பசி மழையிலே பம்பியின் இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் புகுந்தமையால் ட்ரிப் விழுந்தது. மழை பெய்துகொண்டிருந்தபடியால் இறைப்புக்கு வேலையில்லை. பம்பியை எவரும் நாடவில்லை. வீட்டு விளக்குகள் வேறு வழியால் எரிந்தமையால் மின்சாரம் நின்றதென்ற ஐயமே எழவில்லை. நான்காம் நாள் களி எடுக்கப் போன வீட்டுக்காரி மூடியைத் திறந்தபோது புளித்த மணம் முகத்தில் அடித்தது. ஒரு பருவத்து உழைப்பு கிடங்கு வெட்டிப் புதைக்கப்பட்டது. பெட்டியில் எவ்விதப் பழுதும் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

இனி, உறைபெட்டி எவ்வளவு மின்சாரத்தை வேண்டுகின்றது என்று பார்ப்போம். வீட்டுப் பாவனைக்குரிய பெட்டியொன்று ஓடும்போது ஏறக்குறைய 100 முதல் 200 வாற்று வரையே எடுக்கும். நம் நாட்டு 230 வோல்ற்று வழங்கலிலே அது ஓர் அம்பியரை அடுத்த அளவாகும். அதன் அமுக்கி புறப்படும் கணத்தில் மட்டும் அதைப்போற் பன்மடங்கு இழுத்துப் பின் அடங்கிவிடும். எனவே 13 அம்பியர் குதை எதுவும் இந்தப் பாரத்தைத் தாங்கும். ‘பலமான குதையா?’ என்று பலர் கேட்கின்றனர். கேட்க வேண்டியது, ‘இந்தக் குதைக்கு இரவும் பகலும் மின் வந்துகொண்டிருக்குமா? நின்றால் எனக்குத் தெரியவருமா?’ என்பதே.

முதலாவது விதி, பம்பி ஓடும் கம்பியிலே உறைபெட்டியை ஓட்டாதிருத்தல். ட்ரிப் விழும் தொல்லை ஒன்று. மின்னழுத்தம் தாழ்வது மற்றொன்று. குதைகளுக்கு வழக்கமாக இடும் 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியிலே, மீற்றர் ஒன்றுக்கு, அம்பியர் ஒன்றுக்கு, 18 மில்லிவோல்ற்று அளவு அழுத்தம் குறையும். வீட்டிலிருந்து கொட்டில் 40 மீற்றர் தூரம் என்று கொள்வோம். ஒரு குதிரைவலுப் பம்பி புறப்படும்போது 30 அம்பியர் இழுக்குமாயின், 40 ஐ 30 ஆலும் 18 ஆலும் பெருக்க, 21 வோல்ற்றுக்கு மேல் வழியிலேயே போய்விடும். மாலை நேரத்தில் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் அழுத்தத்திலே இதுவும் கழிந்தால், அவ்வேளையிற் புறப்பட முயலும் அமுக்கி சுழலமாட்டாது முனகி நின்றுவிடும். அடிக்கடி இவ்வாறு நேர்ந்தால் அமுக்கியின் சுருள் சூடேறி ஆயுள் குறையும். பெட்டி மட்டும் ஓடுமானால் அதே 40 மீற்றரில் ஒரு வோல்ற்றுக்கூடக் குறையாது. ஆதலால் தூரத்தைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. கூட்டாளியைக் கண்டே அஞ்ச வேண்டும். ஒட்டு இயந்திரம், அரைவை இயந்திரம், கோழிக்குஞ்சுச் சூடாக்கி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

ட்ரிப் சுவிச்சைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இவ்விடத்தில் ஒரு பொல்லாத ஆலோசனை ஊரிலே உலாவுகின்றது. ‘ட்ரிப் விழுந்தாற்றானே பெட்டி நிற்கும், ட்ரிப்புக்கு முன்னாலே நேரே இணைத்துவிட்டால் தொல்லையில்லை’ என்று சிலர் கூறுகின்றனர். அவ்வாறு செய்தும் கொடுக்கின்றனர். இதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். உயிர்க் கம்பியால் உட்செல்லும் மின் முழுவதும் நொதுமற் கம்பியாலே திரும்புகின்றதா என்று அச்சுவிச் ஓயாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கின்றது. 30 மில்லியம்பியர் அளவு வேறு வழியாக, அதாவது ஒரு மனிதரின் உடலூடாகவோ ஈரச் சுவரூடாகவோ, நிலத்துக்கு ஒழுகினால் கண்ணிமைக்குமுன் மின்னைத் துண்டித்துவிடுகின்றது. கொட்டிலின் தரை பெரும்பாலும் ஈரமானது. நாமோ வெறுங்காலுடன், நனைந்த கையுடன், இரும்புப் பெட்டியின் மூடியைத் தூக்குகின்றோம். களி கெட்டாற் புதைத்துவிடலாம்.

செய்யத்தக்கது வேறு. உறைபெட்டிக்கென்று தனி வழியும், அவ்வழிக்கென்று தனி 30 மில்லியம்பியர் ட்ரிப்பும் வைக்க வேண்டும். கூடிய பாரத்துக்கும் ஒழுக்குக்கும் சேர்த்து ஒரே உறுப்பாக அமைந்த சுவிச் கடைகளில் உண்டு. பிரதான சுவிச்சுக்குப் பின்னாலும், வீட்டுப் பொது ட்ரிப்புக்கு முன்னாலும் இதனை அமைப்பித்தால், பம்பியோ கேத்திலோ செய்யும் குறும்புக்கு உறைபெட்டி தண்டனை அனுபவிக்கமாட்டாது. பெட்டியில் ஒழுக்கு நேர்ந்தால் அதன் ட்ரிப் மாத்திரம் விழும். இது தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்ற மின்வினைஞர் செய்ய வேண்டிய வேலை. வயல் வரம்பிலே கம்பி முறுக்கப் பழகிய கை இதற்குப் போதாது. அவர் வரும்போது புவிக்கம்பியின் தடையையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இத்தனை செய்த பின்னரும் பெட்டியின் சொந்த ட்ரிப் அடிக்கடி விழுமானால் சுவிச்சிற் குறைகாண வேண்டாம். பெட்டியிலோ வடத்திலோ ஒழுக்கு உள்ளதென்று அது உங்களுக்கு அறிவிக்கின்றது. சோதனைப் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஆனால் வெளியூர் புறப்படும் நாளில் அதைச் செய்யாதீர்கள். மீண்டும் தூக்கிவிட மறந்தவர் உண்டு.

குதைக்கு வருவோம். இலங்கையில் இப்பொழுது நியமமாக உள்ளது தட்டையான சதுரமுனைகளையுடைய 13 அம்பியர் குதையாகும். பழைய வீடுகளிலே வட்டமுனைக் குதைகள், 5 அம்பியரும் 15 அம்பியரும், இன்னும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே மாற்றுச் செருகி ஒன்றைச் சொருகிக்கொள்வது மாதத்துக்கொருமுறை இஸ்திரிப் பெட்டி போடுவதற்குச் சரியாகலாம். ஆண்டு முழுவதும் நின்று இயங்கும் பெட்டிக்கு ஆகாது. நாளடைவில் அது தளரும், தளர்ந்த தொடுகை சூடேறும், சூடேறியது கருகும். குதையையே மாற்றிவிடுங்கள்.

வேறொரு வழக்கமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த சில பெட்டிகளிலே வட்டமான இருமுனைச் செருகி பூட்டப்பட்டிருக்கும். அதன் புவித் தொடுகை பக்கவாட்டிலுள்ள உலோகத் தகடாகும். நம்மவர்கள் பேனை முனையாலே 13 அம்பியர் குதையின் மேற்றுவாரத்தைக் குத்தித் திறந்து அதனை உள்ளே தள்ளிவிடுகின்றனர். பெட்டி ஓடும், ஆனால் புவித் தொடர்பு அறவே இராது. பெட்டியின் இரும்புடல் மின்னேறினால் அதனை நிலத்துக்குக் கொண்டுபோக வழியில்லை, தொடுபவரே வழியாகிவிடுவார். இவ்வகைப் பெட்டிகளுக்கு உருகி கொண்ட 13 அம்பியர் செருகியை மின்வினைஞரைக் கொண்டு பூட்டுவிக்க வேண்டும். உருகியின் அளவு பெட்டி செய்தோர் சொன்னபடி இருக்கட்டும். 3 அம்பியர் உருகி புறப்படும் இழுப்புக்கே எரிந்துபோகக்கூடும்.

இரட்டைக் குதையைவிட ஒற்றைக் குதை நன்று. இரட்டைக் குதையில் ஒன்று காலியாக இருந்தால் அதிலே எவராவது துளையிடும் இயந்திரத்தைச் செருகுவர். இடம் நெருக்கமானால் உறைபெட்டியின் செருகியையே கழற்றிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பர். திரும்பப் போடுவது ஐயமே. குதையைத் தரையிலிருந்து நாலடி உயரத்தில், பெட்டியின் பின்னால் மறையாதவாறு வையுங்கள். ‘உறைபெட்டி, நிறுத்தாதீர்’ என்று எழுதி ஒட்டுங்கள். சுவிச்சோடு சிறு சிவப்பு விளக்குள்ள குதை கிடைத்தால் அதையே வாங்குங்கள். குசினி யன்னலிலிருந்து அவ்வொளி தெரியுமானால் இன்னும் நல்லது.

நீட்டு வடம், பலவாய்க் குதை ஆகியவற்றின் வழியாக உறைபெட்டியை இணைப்பது கூடாது. உழவு இயந்திரத்தின் சில்லு ஏறுவதற்கும் எலி கடிப்பதற்கும் அவ்வடம் தரையிலே காத்துக் கிடக்கும். செருகிய ஒரு மணி நேரத்தின் பின் உலர்ந்த கையாற் செருகியின் பிளாத்திக்கு உடலைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் அக்குதை தகாது. பல்லியும் எறும்பும் குதைகளுக்குள்ளே குடியேறுவதை நீங்கள் அறிவீர்கள். துவாரங்களை மூடும் திரையுள்ள குதை இதற்கும் ஓரளவு காவலாகும்.

பசளை மூடைகள் அடுக்கியுள்ள அறையை இதற்குத் தெரிவு செய்யாதீர்கள். அமோனியப் பசளையின் ஆவியும் பொட்டாசுப் பசளையின் உப்பீரமும் பித்தளைத் தொடுகைகளை அரித்துவிடும். பூச்சிநாசினி வைத்த அறையில் உணவை வைக்கலாகாது என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ? தகரக் கூரையின் கீழ் நண்பகல் வெயில் நேரே காயும் மூலையும் விலக்கத்தக்கது. பெட்டிக்குப் பின்னாலும் பக்கங்களிலும் காற்றோட இடம் விடுங்கள்.

மின்வெட்டுக் காலத்தை நாம் மறக்கவில்லை. 2022 ஆம் ஆண்டு பங்குனி முடிவிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின் நிறுத்தப்பட்டது. 2025 மாசி 9 ஆம் நாள் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கினால் நாடு முழுவதுமே இருண்டது. எந்த நல்ல குதையும் இதனைத் தடுக்கமாட்டாது. மின் திரும்பும்போது அழுத்தம் ஏறி இறங்கும். அமுக்கி நின்ற உடனே மீண்டும் புறப்பட நேர்ந்தால் அது வருந்தும். ஆகவே மின் வந்தபின் மூன்று, நான்கு நிமிடம் தாமதித்து இணைக்கும் மின்னழுத்தக் காப்பானைக் குதைக்கும் பெட்டிக்கும் நடுவே வைப்பது நன்று. மின்பிறப்பாக்கி உடையவர்கள் இருபுறமும் செருகி பூட்டிய வடத்தாலே வீட்டுக் குதைக்கு மின் கொடுக்கும் செயலை அறவே விடுங்கள். அது வெளிக் கம்பிக்கு ஏறி, அங்கே திருத்த வேலை செய்பவரைக் கொல்லும். உறைபெட்டியை மின்பிறப்பாக்கியிலேயே நேரே செருகுங்கள்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களிலே இடிமின்னல் மிகும். மின்னல் தொடங்குமுன் செருகியைக் கழற்றுவது நல்ல வழக்கமே. திரும்பச் செருகும் பொறுப்பை வீட்டில் ஒருவர் பெயருக்கு ஒதுக்கிவிடுங்கள். அதுவரை மூடியைத் திறக்காதீர்கள். நிறைந்த பெட்டி திறவாதிருந்தால் இரண்டு நாள் அளவு குளிரைக் காக்கும். அரைவாசி நிறைந்தது ஒருநாள் காக்கும். கொட்டிலின் வெக்கையில் இன்னும் குறையலாம். இடம் காலியாகவிருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து நிரப்புங்கள்.

நீங்கள் ஊரில் இல்லாத வேளையில் மின் நின்று, களி உருகி, மின் வந்து மீண்டும் உறைந்துபோனால், பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். இதற்கு ஒரு சிறு உபாயம் உண்டு. கோப்பையொன்றில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துப் பெட்டிக்குள் விடுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் அச்சமில்லை. அடியிலே கிடந்தால் பெட்டி முற்றாக உருகியிருந்தது என்பது தெளிவு. மீனையும் இறைச்சியையும் மணம் பார்க்காமலே எறிந்துவிடுங்கள், மணம் நம்பத்தக்க சாட்சியன்று. பனிப் பளிங்குகள் இன்னும் மாறாதிருக்கும் பொருளை மீண்டும் உறையவைக்கலாம்; சுவை சற்றுக் குறையும். பழக்களியை விற்பனைக்கு எடுப்பதாயின், நாணயம் அடியிலே கிடந்த பெட்டியிலிருந்து ஒரு பொதியேனும் வாங்குபவருக்குக் கொடுக்காதீர்கள்.