வைரஸ் மேல் போட்ட பழி

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"கம்ப்யூட்டரைப் பத்தி எல்லாருக்கும் பயன்படற மாதிரி பத்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பராமரிக்கிற பொறியாளன். ஹார்டு டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடுவதைப் பற்றிப் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், இத்தனை வருஷமாகச் சொல்லாத ஒன்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சற்று முன் திரையில் ஒவ்வொரு பேட்ச் படங்களாகப் போட்டுக் காட்டினார்கள். பெல்பாட்டம் போட்ட அண்ணன்மார்களுக்குக்கூடப் பத்துப் பதினைந்து படம் இருந்தது. எங்கள் 2007–2011 பேட்சுக்கு இரண்டே படம், இரண்டும் ஸ்டூடியோக்காரர் எடுத்த குரூப் போட்டோ. "ஏம்ப்பா, உங்க காலத்துலதான் டிஜிட்டல் கேமரா வந்தாச்சே!" என்று பின்வரிசையிலிருந்து ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இருக்கிறது.

எங்கள் செட்டில் கேமரா வைத்திருந்தவன் என் அறை நண்பன் ஒருவன்தான். டூர், ஹாஸ்டல் டே, சிம்போசியம், மெஸ்ஸில் நடந்த சண்டை, எல்லாம் அவன் எடுத்ததுதான். நாலு வருஷப் படமும் அவனுடைய கம்ப்யூட்டரில் டி டிரைவில் இருந்தது. 2011 மார்ச் மாதம், பிராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கிற நேரத்தில், அந்த மெஷின் நத்தை மாதிரி நகர்ந்தது. எக்ஸ்பியை எடுத்துவிட்டு விண்டோஸ் 7 போட வேண்டும். எக்ஸ்பியிலிருந்து 7-க்கு நேரடி அப்கிரேடு கிடையாது, புதிதாகத்தான் போட வேண்டும். ஹாஸ்டலில் ஓஎஸ் போடுகிற ஆள் யார்? அடியேன்தான். ஒரு டீ, ஒரு சமோசா, அதுதான் கூலி.

படங்களை முதலில் அவனுடைய எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்தேன். இதுவரை சரி. ஆனால் அந்த டிஸ்க்கைக் கழற்றவில்லை. இரவு இரண்டு மணி. "சுத்தமா போடறேன்டா" என்று சொல்லிவிட்டு, சி, டி, இ மூன்று பார்ட்டிஷனையும் டெலீட் செய்தேன். கீழே 149 ஜிபி என்று இன்னும் ஒரு பார்ட்டிஷன் மிச்சம் இருந்தது. 160 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் 149 என்றுதான் காட்டும். உள்ளே இருந்ததும் 160, வெளியே இருந்ததும் 160. இன்ஸ்டால் செய்யும் திரையில் சி, டி என்ற எழுத்தெல்லாம் வராது. டிஸ்க் 0, டிஸ்க் 1 என்றுதான் வரும். தூக்கக் கலக்கத்தில் எண்ணைப் பார்க்காமல் அதையும் டெலீட் செய்தேன்.

காலையில் எழுந்து பார்த்தால் எக்ஸ்டர்னல் டிஸ்க் காலி. வயிற்றைக் கலக்கியது. நண்பன் குளிக்கப் போயிருந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? தடயம் தெரியக் கூடாது என்று அந்த டிஸ்க்கில் புதுப் பார்ட்டிஷன் போட்டு, முழு ஃபார்மேட் கொடுத்தேன். முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவன் வந்து கேட்டபோது "வைரஸ் மச்சான், ரெண்டு டிஸ்க்கையும் தின்னுடுச்சு" என்றேன். அந்தக் காலத்தில் வைரஸ் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் எல்லோரும் நம்புவார்கள். அவனும் நம்பினான். "பரவால்லடா, படம்தானே" என்று சொல்லி, பேசிய கூலிப்படி டீயும் வாங்கிக் கொடுத்தான்.

தம்பி தங்கைகளே, இங்கேதான் பாடம் இருக்கிறது. பார்ட்டிஷனை டெலீட் செய்தால் என்ன அழிகிறது? வகுப்பின் வருகைப் பதிவேட்டைக் கிழித்துப் போட்டால் மாணவர்கள் மறைந்துவிடுவார்களா? அவரவர் பெஞ்சில் அப்படியேதான் உட்கார்ந்திருப்பார்கள். யார் எங்கே என்று சொல்ல ஏடு இல்லை, அவ்வளவுதான். குவிக் ஃபார்மேட்டும் ஏறக்குறைய அப்படித்தான், பழைய ஏட்டுக்குப் பதில் ஒரு வெற்று ஏட்டை வைக்கிறது. முழு ஃபார்மேட் வேறு. எக்ஸ்பியில் முழு ஃபார்மேட் என்றாலும் கெட்ட செக்டார் உண்டா என்று படித்துப் பார்க்குமே தவிர, தரவின் மேல் எழுதாது. விஸ்டாவிலிருந்து அதை மாற்றிவிட்டார்கள். டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதும். பெஞ்சில் ஒருவர்கூட மிஞ்ச மாட்டார்.

ஆக, இரவு இரண்டு மணிக்கு நான் செய்த தவறில் படங்கள் போகவில்லை. காலையில் எதையும் தொடாமல் நிறுத்தியிருந்தால், டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் அநேகமாக எல்லாவற்றையும் மீட்டிருக்கலாம். படங்களை உண்மையில் அழித்தது காலையில் நான் கொடுத்த முழு ஃபார்மேட். அதாவது, தவறை மறைக்கச் செய்த காரியம். கம்ப்யூட்டருக்குள் இருந்த டிஸ்க்கிலாவது மிச்சம் இருந்திருக்கும். ஒரே வாரத்தில் ஹாஸ்டலில் உள்ள அத்தனை சினிமாவையும் அதில் ஏற்றி அதையும் மூடினோம்.

நண்பன் 2019-இல் ஒரு சாலை விபத்தில் போய்விட்டான். காரியம் எல்லாம் முடிந்து கிளம்பும்போது அவன் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, ஹாஸ்டல் டேல ராஜா வேஷம் போட்டேன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்கன்னு சொல்லுவானே. அந்தப் படம் உங்கிட்ட இருக்காப்பா? நான் பாத்ததே இல்ல" என்றார். "பாக்கறேம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். தேட என்ன இருக்கிறது? போன மாதம்தான் திரும்பப் போய் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "அப்பவே அவங்கிட்ட சொல்லியிருக்கலாமே தம்பி, அவன் கோவிச்சிருக்க மாட்டானே" என்றார்.

இப்போது இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 இல்லாத பழைய மெஷின்கள் 11-ஐ முறைப்படி ஏற்பதில்லை. சிலர் லினக்ஸ் போடுகிறார்கள், சிலர் மெஷினையே மாற்றுகிறார்கள். வீட்டுக்கு வீடு டிஸ்க்கைத் துடைக்கிற நேரம் இது. அதனால் நான் பட்டுக் கற்றதைக் கேளுங்கள்.

ஒன்று: காப்பி எடுத்ததோடு வேலை முடியவில்லை. அதை வேறொரு கம்ப்யூட்டரில் செருகித் திறந்து பாருங்கள். அங்கே ஒன்று, இங்கே ஒன்றாகப் பத்துப் படமாவது திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அது காப்பி. அப்பா பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த கோப்பு இருந்தால் எழுத்துருவையும் சேர்த்து எடுங்கள். இல்லையென்றால் புது மெஷினில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். கடைக் கணக்கு டேலியில் இருந்தால் அந்த டேட்டா ஃபோல்டரை மறக்காதீர்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

இரண்டு: காப்பி இருக்கிற டிஸ்க்கைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் துடைக்க உட்கார வேண்டும். கழற்றிய டிஸ்க்கை எந்தத் தூக்கக் கலக்கத்திலும் அழிக்க முடியாது. முக்கியமானது என்றால் மூன்று பிரதி, இரண்டு விதமான இடத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே.

மூன்று: தவறு நடந்துவிட்டால் அந்த நொடியே கையை எடுங்கள். அதில் எதையும் எழுதாதீர்கள். உடனே உரியவரிடம் சொல்லுங்கள். இப்போது வருகிற எஸ்எஸ்டிகளில் ட்ரிம் என்ற ஏற்பாடு இருப்பதால், குவிக் ஃபார்மேட் செய்தாலே தரவு பெரும்பாலும் திரும்பாது. அன்று எனக்குக் கிடைத்த அவகாசம்கூட உங்களுக்குக் கிடைக்காது.

நான்கு: மெஷினை விற்பதானால் இதே கதை தலைகீழ். அப்போது மிச்சம் இருப்பதுதான் ஆபத்து. எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் இருவரும் 158 பழைய டிஸ்க்குகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003-இல் கட்டுரை வெளியிட்டார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றில் கிரெடிட் கார்டு எண், மருத்துவத் தகவல், சொந்தக் கடிதம் எல்லாம் இருந்தன. எனவே விற்கிற டிஸ்க் பழைய வகை என்றால் ஒரு முறை முழுக்கப் பூஜ்யம் எழுதினால் போதும். எஸ்எஸ்டி என்றால் தயாரித்தவர்கள் தருகிற செக்யூர் எரேஸ் முறையைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2008 முதல் 2011 வரை எங்கள் ஹாஸ்டல் டேக்களில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் இந்த அரங்கில் நிச்சயம் இருக்கிறீர்கள். பழைய போனின் மெமரி கார்டு, பீரோவில் கிடக்கிற சிடி, எதுவானாலும் எடுத்துப் பாருங்கள். ராஜா வேஷத்தில், ஒரு பக்கம் மீசை தொங்க, ஒல்லியாக ஒருவன் நின்றால் சங்கத்துக்கு அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

அப்படிக் கிடைத்தால் அனுப்புவதற்கு முன் ஒரு காப்பி எடுத்து, திறந்து பார்த்துவிடுங்கள். நண்பர்களே, உங்கள் படங்களை அழித்தது வைரஸ் இல்லை, நான்தான். மன்னியுங்கள்.