உள்ளதை உள்ளபடி சொல்லும் நம்பிக்கை



ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, "ஏனுங்க, நல்லா இருக்கீங்களா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். "ஆண்டவர் புண்ணியத்துல நல்லா இருக்கிறோமுங்க" என்று பதில் சொல்கிறோம். வீட்டில் பாவு வராமல் தறி நின்றிருக்கும். தோட்டத்தில் போர் போட்டும் தண்ணீர் வராமல், கடன் மட்டும் ஏறியிருக்கும். நியாயத்தைப் பேசியதற்காகப் பங்காளிகளே நம்மோடு பேசாமல் இருப்பார்கள். அக்கம்பக்கத்தாரிடம் இதையெல்லாம் சொல்லாமல் இருப்பதில் தவறில்லை. ஆனால் இரவு செபத்தில் கடவுளிடமும் அதே பதிலைத்தானே சொல்கிறோம்! முறையிட்டால் நம்மை விசுவாசம் குறைந்தவர்கள் என்று அவர் நினைப்பாரோ என அஞ்சுகிறோம்.

திருவிவிலியம் காட்டும் மனிதர்கள் அப்படி அஞ்சவில்லை. 13-ஆம் திருப்பாடலின் ஆசிரியர், இன்னும் எத்தனை நாளைக்கு என்று கடவுளை நான்கு முறை கேட்கிறார். அதன்பிறகே அவரது பேரன்பை நம்பிப் பாடுகிறார். எரேமியா, தாம் பிறந்த நாளையே நொந்துகொள்கிறார். ஆனால் இறைவாக்கு உரைப்பதை விடவில்லை. நம் ஆண்டவரும் கெத்சமனியில் தம் துயரத்தை மறைக்கவில்லை. துன்பக் கிண்ணத்தை அகற்றும்படி கேட்ட பிறகே, தந்தையின் விருப்பத்துக்குத் தம்மைக் கையளித்தார்.

இவ்வாறு வாழ்ந்த ஒருவர் நம் கொங்கு மண்ணிலும் இருந்தார். கருமத்தம்பட்டி செபமாலை அன்னையின் திருத்தலத்துக்கு நம்மில் பலர் போய் வந்திருக்கிறோம். அந்த ஊரில்தான், 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பிரான்ஸ் நாட்டில் 1813-இல் பிறந்தவர். அப்போது வயது 32. கோவைத் திருச்சபையின் முதல் ஆயர் அவரே.

இந்த மண்ணின் பிள்ளைகளே இங்கே குருக்களாக வேண்டும், ஆயர்களாகவும் வேண்டும் என்பது அவருடைய பெரும் ஆசை. உடன் உழைத்த மறைபரப்பாளர்கள் பலருக்கு அது ஏற்புடையதாக இல்லை; காலம் கனியவில்லை என்றார்கள். இன்னொரு சுமையும் இருந்தது. சாதி வேற்றுமை உள்ளிட்ட உள்ளூர் வழக்கங்களில் எவற்றை அனுமதிக்கலாம், எவற்றை அனுமதிக்கக் கூடாது என்பதில் அவருடைய மனசாட்சி அமைதி காணவில்லை. தெளிவு வேண்டி உரோமைக்கு எழுதினார். மனம் அமைதி பெறவில்லை. இருந்தும், ஒவ்வாததை ஒவ்வியதாகக் காட்டிக்கொண்டு பதவியில் நீடிக்க அவர் விரும்பவில்லை. தம் மனநிலையை உரோமைக்குத் திறந்து சொல்லிப் பணிவிலகலைக் கேட்டார். 1855-இல் அது ஏற்கப்பட்டது.

ஊர் பார்வையில் அது தோல்வி. ஆனால் அவர் கடவுளை விட்டு விலகவில்லை. யாரும் போகாத ஆப்பிரிக்க மக்களிடம் தம்மை அனுப்பும்படி கேட்டார். 1856 டிசம்பர் 8-ஆம் நாள், லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோன் நாட்டின் ஃப்ரீடவுனில் கால்வைத்தார். அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. ஆறே வாரங்களில், ஜூன் 25 அன்று, 45 வயதில் இறந்தார். உடன் சென்ற தோழர்கள் சிலரையும் அந்தக் காய்ச்சல் கொண்டுபோயிற்று.

கோவையில் கண்ட கனவும் சரி, ஆப்பிரிக்காவில் கண்ட கனவும் சரி, எதன் பலனையும் அவர் கண்ணால் காணவில்லை. ஆயினும் அவர் தொடங்கிய சபை அழியவில்லை. இன்று அதில் இந்தியக் குருக்களும் ஆப்பிரிக்காவில் பணியாற்றுகிறார்கள். நம் பங்குகளில் திருப்பலி நிறைவேற்றுகிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். 2020-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

அன்பர்களே, நம் துன்பங்களுக்கும் நாளையே விடை வந்துவிடும் என்று உறுதி சொல்ல நம்மால் இயலாது. நம் காலத்தில் விடை வராமலும் போகலாம். ஆனால் நாம் கடவுளிடம் நடிக்கத் தேவையில்லை. முகம் கொடுத்துக் கேட்கும் தகப்பனிடம்தான் பிள்ளை வாய்விட்டு அழும். அழுவதே, அவர் கேட்கிறார் என்ற நம்பிக்கையின் அடையாளம்.

ஆகவே இந்த வாரம் இரண்டு காரியங்கள் செய்வோம். இன்றிரவு செபமாலை சொல்லி முடித்தபின், நம்மை அரிக்கும் ஒன்றை, பூசி மெழுகாமல், நம் வீட்டுப் பேச்சிலேயே ஆண்டவரிடம் சொல்வோம். விடிந்ததும், கையில் இருக்கும் கடமையை நேர்மையாகச் செய்வோம். பக்கத்து வீட்டுக்காரர் தம் மனச்சுமையை நம்மிடம் இறக்கி வைத்தால், "விசுவாசம் இல்லையா?" என்று கேட்காமல், சற்றுநேரம் அவரோடு உட்கார்ந்திருப்போம்.

கெத்சமனியில் தனித்து அழுத ஆண்டவர் நம்மோடு இருப்பாராக. ஆமென்.