சரமும் எழுத்தும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. கணிப்பொறி நிரலைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், நம் சங்கத்து இளைஞர் பலர் இத்தொழிலிலேயே இருக்கின்றனர். ஏனையோருடைய பெயரும் முகவரியும் இத்தொழிலார் எழுதிய நிரல்களின் வழியேதான் அன்றாடம் செல்கின்றன. ஆதலின் இது நம் அனைவர்க்கும் உரிய பொருளே.

அடுத்தடுத்துக் கோத்து வைத்த எழுத்து வரிசையைக் கணிப்பொறித் துறையில் 'சரம்' என்கிறோம். அச்சரத்தினின்றும் வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துத் தருவதற்கு ஒவ்வொரு நிரல்மொழியிலும் துணைச் செயற்கூறுகள் உள்ளன. பேசிக் மொழியில் லெஃப்ட், மிட், ரைட் என்பன முறையே இடப்பகுதியையும் நடுப்பகுதியையும் வலப்பகுதியையும் தருவன. ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் சப்ஸ்ட்ரிங் என்பது அப்பணியைச் செய்கிறது. பைத்தானில் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்களை இட்டாலே போதும்.

ஆனால், அவ்வெண்களின் பொருள் எங்கும் ஒன்றன்று. ஜாவாவில் 2, 5 என்று கொடுத்தால், இரண்டாம் எண் முடியும் இடத்தைக் குறிக்கும். மூன்று குறிகள் கிடைக்கும். சி ஷார்ப்பில் அதே எண் நீளத்தைக் குறிக்கும்; ஐந்து குறிகள் கிடைக்கும். இவ்விரு மொழிகளிலும் எண்ணிக்கை சுழியத்திலிருந்தே தொடங்குகிறது. சுழியத்தில் தொடங்கி, இறுதி எண்ணை விலக்கி எண்ணும் முறையே சிறந்தது என்று டைக்ஸ்ட்ரா என்னும் அறிஞர் 1982ஆம் ஆண்டில் எழுதினார். ஐந்தில் இரண்டைக் கழிக்க நீளம் தானே புலப்படும் என்பது அம்முறையின் நலம்.

இடத்தை எண்ணாமல், ஓர் அடையாளத்தைக் கொண்டு பிரிப்பதும் உண்டு. 'ஊர்: மதுரை' என்பதில் முக்காற்புள்ளிக்குப் பின்னுள்ளதைக் கொடு என்று கேட்கலாம். அப்புள்ளியே இல்லாவிடின் என்ன செய்வது? காட்லின் மொழியின் செயற்கூறு, வேறு கட்டளை இல்லையேல், முழுச் சரத்தையும் திருப்பித் தரும். ஜாவாவுக்கான அப்பாச்சி காமன்ஸ் தொகுப்பின் செயற்கூறு வெறுஞ்சரத்தைத் தரும். இரண்டும் முறையே, எது நமக்கு வேண்டும் என்பதை நிரல் எழுதுவோர் முன்னரே துணிதல் வேண்டும்.

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழில் எழுத்துகள் 247 என்று இளமையிலேயே கற்றோம். 1991இல் வெளிவந்த யூனிகோடு முறையோ தமிழுக்கு 128 இடங்களையே வகுத்தது. அகரமேறிய மெய்க்கு ஓரிடம்; ஏனைய உயிர்மெய்கள் அதனோடு துணைக்குறி சேர்ந்து அமைவன. ஆகவே, 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் கணிப்பொறிக்குள் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாய் நிற்கிறது. முதல் இரண்டைக் கேட்டால் 'தம' என்று வரும். முதல் நான்கைக் கேட்டால் புள்ளியிழந்து 'தமிழ' என்று வரும்.

இது சிறு குறைதானே என்று கருதற்க. தந்தையின் பெயர் கோவிந்தன் எனில், மகனுடைய தலைப்பெழுத்து 'கோ.' ஆதல் வேண்டும். முதற்குறியை மட்டும் எடுக்கும் நிரல் அதனைக் 'க.' ஆக்கிவிடும். கோகாரக் குறியே சில வேளைகளில் இரு துண்டுகளாய்ச் சேமிக்கப்படுதலும் உண்டு. அப்போது இரு குறிகளை எடுத்தாலும் 'கே' என்றே கிட்டும். தலைப்பெழுத்து மாறினால் தந்தை பெயர் மாறியதாகும். ஒரு சான்றிதழில் ஒருவிதமும் மற்றொன்றில் வேறுவிதமும் இருப்பின், வெளியூரில் வாழும் நம்மவர் தம்மைத் தாமே மெய்ப்பிக்கும் நிலைக்கு ஆளாவர். துணைக்குறிகளைக் கொண்டு எழுதும் பிற இந்திய மொழியினர்க்கும் இவ்விடர் பொதுவே.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. கண்ணுக்கு ஓரெழுத்தாய்த் தோன்றும் குறித்தொகுதியை ஒன்றாகக் கொள்ளும் விதியை யூனிகோடு அமைப்பே வகுத்துள்ளது. ஸ்விஃப்ட் மொழி இயல்பாகவே அவ்வாறு எண்ணுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் செக்மென்ட்டர் என்னும் கருவி உண்டு. பைத்தானில் தமிழுக்கென்றே ஆக்கிய ஓப்பன்-தமிழ் தொகுப்பு, சொல்லை எழுத்தெழுத்தாய்ப் பிரித்துத் தரும். எனினும் ஓர் எச்சரிக்கை: யூனிகோடின் பொது விதி 'ஸ்ரீ' என்பதை ஸ், ரீ என இரண்டாகவே பிரிக்கும். ஸ்ரீனிவாசன் என்னும் பெயருக்கு அவ்விதி மட்டும் போதாது. தமிழறிந்தவர் ஒருவர் உடனிருந்து சொல்ல வேண்டும்.

பூச்சரத்தை அறுப்பவர் மலரின் நடுவே கத்தியை வைப்பதில்லை. இரு மலர்க்கு இடையேயுள்ள நாரிலேதான் வைப்பர். எது மலர், எது நார் என்று பொறிக்குத் தானாகத் தெரியாது. அதனைக் கற்பிப்பது மொழியறிந்தோர் கடமை. ஆதலின், நிரல் எழுதும் இளைஞர்களை ஒன்று வேண்டுகிறேன். நீங்கள் ஆக்கும் எச்செயற்கூறையும் ஆங்கிலப் பெயரால் மட்டும் சோதித்து அமையாதீர். கோவிந்தனையும் ஸ்ரீனிவாசனையும் கொடுத்துச் சோதியுங்கள். அவர்கள் பெயர் முறியாமல் வெளிவருமாயின், அதுவும் ஒரு தமிழ்த்தொண்டே.