பெட்டியோடு குடும்பமும் போகிறது



அரசு ஊழியர் ஒருவரை வேறு ஊருக்கோ, கடல் கடந்து வேறு நாட்டுக்கோ அனுப்பும்போது அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் அரசு என்னென்ன செய்து தருகிறது? இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கொல்கத்தாவில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். மாற்றலாகி வருகிறவர்கள், போகிறவர்கள் கொடுக்கும் பயணப்படி பில்களைச் சரிபார்ப்பதுதான் என் மேசைக்கு வந்த வேலை. ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதை அந்த பில்களில் படித்துவிடலாம்.

இந்தப் பேச்சுக்குக் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. லால் தீகி குளக்கரையில், இன்றைய பி.பி.டி. பாக் பகுதியில், ரைட்டர்ஸ் பில்டிங் என்றொரு நீண்ட சிவப்புக் கட்டடம் நிற்கிறது. 1777இல் அது எழும்பத் தொடங்கியபோது கிழக்கிந்தியக் கம்பெனியின் இளநிலை எழுத்தர்கள் தங்குவதற்கான இடமாகத்தான் எழும்பியது. கடல்வழியே மாதக்கணக்கில் பயணம் செய்து வந்திறங்கும் இளைஞனுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. பிறகு 1864இலிருந்து கோடை வந்தால் இந்திய அரசாங்கமே கல்கத்தாவிலிருந்து சிம்லாவுக்குக் கிளம்பியது. கோப்பும் குமாஸ்தாவுமாக மலையேறி, குளிருக்கு முன் இறங்கி வந்தார்கள். 1911 டிசம்பர் 12ஆம் தேதி, தலைநகரம் தில்லிக்குப் போகிறது என்று அரசர் அறிவித்தார். வங்காளி குமாஸ்தாக்கள் பலர் வேலையோடு கூடவே குடிபெயர்ந்தார்கள். தில்லியில் திமார்பூரில் அவர்களுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. போன இடத்திலும் துர்கா பூஜையை விடாமல் நடத்தினார்கள்.

நம் ஊர்க்காரர் ஒருவருடைய கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1907ஆம் ஆண்டு, பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, புது மனைவியோடு சென்னை மாகாணத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்கிறார். பதவி, உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல். திருமணமானவர்களுக்கான படியையும் சேர்த்து மாதம் 400 ரூபாய் சம்பளம். அவர்தான் சி.வி. ராமன். மனைவி லோகசுந்தரி. பௌபஜாருக்குப் பக்கத்தில் ஸ்காட்ஸ் லேனில் குடியிருந்தார்கள். டிராமில் போகும்போது பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில் அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே போனார் ராமன். அதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

ஆனால் நேயர்களே, என் போன்ற பில் பிரிவுக்காரன் அந்த வாழ்க்கையில் முதலில் பார்ப்பது மாற்றல் உத்தரவுகளைத்தான். 1909இல் ரங்கூன். 1910இல் நாகபுரி. 1911இல் மறுபடி கல்கத்தா. ரங்கூன் அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதிதான் என்றாலும், கப்பலேறித்தான் போக வேண்டும். மொழி வேறு, உணவு வேறு, வீட்டைப் புதிதாகத்தான் அமைக்க வேண்டும். போன ஊர்களிலும் வீட்டில் ஒரு பகுதியை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார் ராமன். ஆய்வுக்கூடம் போக மீதி வீட்டை யார் நடத்தியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்! மூன்று வருஷத்துக்குள் மூன்று ஊர் அடுப்பு. மாற்றல் உத்தரவில் ஒரு பெயர்தான் இருக்கும். இடம் மாறுகிறவர்கள் வீட்டிலிருக்கும் அத்தனை பேரும். ராமனின் அண்ணன் சுப்பிரமணிய ஐயருக்கு ரயில்வே கணக்குத்துறையில் வேலை. அவருக்குப் பணி லாகூரில் என்பதால், பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய அவர் மகன் சந்திரசேகர் 1910இல் பிறந்தது லாகூரில். நம் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளின் பிறந்த ஊர்களை வரிசையாகச் சொன்னால் அப்பாவின் சர்வீஸ் புத்தகம் வந்துவிடும்.

சரி, இன்றைய விதிகளுக்கு வருவோம். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2017 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ளவற்றைச் சொல்கிறேன். பொதுநலன் கருதி மாற்றல் என்றால், ஊழியருக்கும் குடும்பத்துக்கும் பயணக் கட்டணம் உண்டு. அத்துடன், முந்தைய மாத அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் மொத்தமாகக் கையில் கிடைக்கும். ஐம்பதாயிரம் அடிப்படைச் சம்பளம் வாங்குகிறவருக்கு நாற்பதாயிரம். பால் கார்டு, கேஸ் இணைப்பு, திரைச்சீலை, பள்ளிச் சீருடை, ஆட்டோ கூலி என்று ரசீது கிடைக்காத நூறு செலவுகளுக்கான பணம் இது. கணக்குக் கேட்காமல் கொடுக்கிறார்கள். அரசு விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அதற்கு அடுத்து எனக்குப் பிடித்தது சாமான் விதி. இங்கே கொஞ்ச நேரம் நிற்க அனுமதியுங்கள். சம்பள நிலை 6க்கும் அதற்கு மேலும் இருப்பவர்கள் ரயில் சரக்கில் 6,000 கிலோ வரை கொண்டுபோகலாம். நிலை 5 என்றால் 3,000 கிலோ. நிலை 4, அதற்குக் கீழே என்றால் 1,500 கிலோ. சாலை வழியே லாரியில் ஏற்றினால் கிலோமீட்டருக்கு முறையே 50, 25, 15 ரூபாய் என்று 2017ஆம் ஆண்டின் ஆணை நிர்ணயித்தது. அந்த உச்சவரம்புக்குள் உண்மையில் ஆன செலவு எதுவோ அது கிடைக்கும். அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் இந்த விகிதம் 25 சதவீதம் கூடும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. 2024 ஜனவரியில் அகவிலைப்படி அந்த ஐம்பதைத் தொட்டது.

கிலோ கணக்கைக் கேட்டால் வறட்சியாக இருக்கும். பட்டியலைப் பார்த்தால் அப்படி இருக்காது. லாரி ரசீதோடு சாமான் பட்டியலும் வரும். மரக்கட்டில் இரண்டு, பீரோ ஒன்று, தையல் மிஷின், பித்தளை அண்டா, குத்துவிளக்கு, புத்தகப் பெட்டி மூன்று. ஒருமுறை கும்பகோணத்துக்காரர் ஒருவரின் பட்டியலில் ‘கல், 2’ என்று மட்டும் எழுதியிருந்தது. எடை நன்றாகவே கூடியிருந்தது. கட்டடச் சாமானா, வீட்டுச் சாமானா என்று ஒரு குறிப்பு எழுதி, பில்லை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பிரிவின் தலைமை எழுத்தர் வங்காளி. பொரோபாபு என்று எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவர் என்னிடம் வந்து, “உங்கள் ஊர்க்காரர்தானே, இது என்ன?” என்றார். “அம்மியும் ஆட்டுக்கல்லும், பொரோபாபு. அவர் அம்மா அது இல்லாமல் ரயிலேற மாட்டேன் என்றாராம்” என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஓ, ஷில்-நோரா! என் அம்மாவும் அதில்தான் கடுகு அரைப்பார்” என்றார். வங்காளச் சமையலறையிலும் அம்மி உண்டு, நேயர்களே. நம்மூரில் அம்மி கொத்துகிறவர்கள் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்களே, அதேபோல் அங்கேயும் வருவார்கள். ‘வீட்டு உபயோகக் கல், சமையலுக்கு’ என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார் அவர். பில் பாஸானது.

அன்று நான் கற்றுக்கொண்டது இதுதான். விதிப்புத்தகம் ‘சொந்த உடைமைகள்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறது. அந்த வரிக்குள் ஒரு குடும்பத்தின் ருசியும் பழக்கமும் வழிபாடும் அடங்கியிருக்கின்றன. பில்லைச் சரிபார்க்கிறவர் அதை உணர்ந்தால்தான் விதி தன் வேலையைச் செய்ததாக அர்த்தம்.

இனி நாட்கள். பதவியேற்பதற்கான இடைவெளியை ஜாயினிங் டைம் என்பார்கள். ஆயிரம் கிலோமீட்டர் வரை 10 நாள், ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரை 12 நாள், அதற்கு மேல் 15 நாள். சென்னைக்கும் ஹவுராவுக்கும் இடையே ரயிலில் சுமார் 1,660 கிலோமீட்டர் என்பதால் நம்மவர்களுக்குப் பன்னிரண்டு நாள். அவசரமாக வந்து சேரச் சொல்லிவிட்டார்கள் என்றால், எடுக்காத நாட்களை ஈட்டிய விடுப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை. தயவுசெய்து கேளுங்கள்.

இதைவிட முக்கியமானது குடும்பம் எப்போது வரலாம் என்பது. ஊழியருக்கு ஒரு மாதம் முன்பே போகலாம், அவர் போன ஆறு மாதத்துக்குள்ளும் போகலாம். எங்கள் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த ஒருவரின் மகள் திருச்சியில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடியும்வரை அம்மாவும் பிள்ளையும் அங்கே, இவர் மட்டும் லேக் மார்க்கெட் பக்கம் ஓர் அறையில். காலை இட்லிக்குக் கோமளா விலாஸ், ராத்திரிக்கு வாழைப்பழம். குடும்பத்தின் டிக்கெட்டுக்குப் பணம் வராதோ என்று ஒவ்வொரு வாரமும் என் மேசைக்கு வந்து கேட்பார். “சார், ஆறு மாசம் தாண்டிடுமோ?” தாண்டவில்லை. தாண்டியிருந்தாலும் தக்க காரணம் காட்டினால் காலத்தை நீட்டிக்கத் துறைக்கு அதிகாரம் உண்டு. பிள்ளையின் படிப்பைப் பாதியில் வெட்டிக்கொண்டு ஓடிவர வேண்டாம் என்று யாரோ என்றோ யோசித்து எழுதிவைத்த விதி இது. அந்தப் பெண் வந்து இறங்கிய அன்று அவர் அலுவலகம் முழுக்க சந்தேஷ் கொடுத்தார்.

கொல்கத்தாவிலிருந்து அந்தமானுக்கு மாற்றலாகிப் போகிறவர்களின் பில்களையும் பார்த்திருக்கிறேன். கிதர்பூர் துறைமுகப் பகுதியிலிருந்து கப்பல் புறப்பட்டால் போர்ட் பிளேர், இன்றைய ஸ்ரீவிஜயபுரம், போய்ச்சேரச் சில நாள் ஆகும். அந்தமான் நிகோபார், லட்சத்தீவு ஆகியவற்றுக்குப் போகவும் வரவும் அந்த மொத்தத் தொகை 80 சதவீதம் அல்ல, முழு மாத அடிப்படைச் சம்பளம். தூரத்தின் பாரத்தை அரசு ஒத்துக்கொள்கிற இடம் அது.

வெளிநாட்டுப் பணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நேரம் ஓடுகிறது. நம் தூதரகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு 1961ஆம் ஆண்டின் வெளியுறவுப் பணி விதிகள் பொருந்தும். அந்தந்த நாட்டின் விலைவாசியைப் பார்த்து வெளிநாட்டுப் படி, தாயகம் வந்துபோகப் பயணச் செலவு, இந்தியாவில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்குப் பெற்றோரிடம் போய்வரக் கட்டணம் ஆகியவை அவற்றில் உண்டு. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1924இல் லீ கமிஷன், இங்கே உயர் பணிகளில் இருந்த ஐரோப்பிய அதிகாரிகள் பணிக்காலத்தில் நான்கு முறை தாயகம் போய்வர அரசே கப்பல் கட்டணம் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அன்று அந்தச் சலுகை அவர்களுக்கானது. இன்று நம் கடைநிலை ஊழியருக்கும் எல்.டி.சி. என்னும் விடுப்புப் பயணச் சலுகை இருக்கிறது. நான்கு ஆண்டுத் தொகுப்பில் சொந்த ஊருக்குப் போய்வரலாம், இந்தியாவில் விரும்பிய இடத்துக்கும் ஒருமுறை போகலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் எட்டு வருஷத்தில் நான்கு வருஷத்துக்கு மூன்று தடவை சொந்த ஊர் போகலாம், நான்காவது தடவை எங்கு வேண்டுமானாலும் போகலாம். முதல் போஸ்டிங்கில் கொல்கத்தா வந்த தென்மாவட்டத்துப் பையன்களுக்கு அம்மாவைப் பார்க்கக் கிடைக்கும் பயணம் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணியில் இருக்கும்போதே ஊழியர் இறந்துவிட்டால், அவர் குடும்பம் சொந்த ஊர் திரும்பவும், சாமானைக் கொண்டுபோகவும் அரசு செலவு தருகிறது. அப்படி ஒரு பில்லை நானே எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மாள் தஞ்சாவூர்ப் பக்கம். “இதெல்லாம் கொடுப்பாங்களா தம்பி?” என்று கேட்டார். “கொடுப்பாங்கம்மா, இது உங்களுக்குச் சேர வேண்டியது” என்றேன். தெரியாததால் கேட்காமல் போனவர்கள் எத்தனை பேரோ. அதற்காகத்தான் இந்தப் பேச்சை ஒத்துக்கொண்டேன்.

நேரம் முடியப்போகிறது, நினைவில் வைக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீங்களே கேட்டு வாங்கிய மாற்றலுக்குப் பொதுவாக இந்தப் பயணப்படி கிடைக்காது. உத்தரவில் ‘பொதுநலன்’ என்ற வார்த்தை இருக்கிறதா பாருங்கள். டிக்கெட், லாரி ரசீது, சாமான் பட்டியல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பயணம் முடிந்து 60 நாளுக்குள் பில் கொடுத்துவிடுங்கள். ஓய்வுபெற்று ஊர் திரும்புகிறவர்களுக்கு 180 நாள் அவகாசம். ஓய்வுக்குப் பின் கடைசியாக வேலை பார்த்த ஊரிலேயே வேறு வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கும் அந்த மொத்தத் தொகை முழுதாக உண்டு என்று 2022 ஜனவரியில் ஆணை வந்திருக்கிறது.

மாற்றல் உத்தரவு கையில் வந்த அன்று வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். என்னென்ன கிடைக்கும் என்று மனைவிக்கும் பெற்றோருக்கும் தெரியட்டும். இந்தக் காசைச் சலுகையாகக் கேட்க வேண்டாம். உண்மையான கணக்கோடு, உரிமையாகக் கேளுங்கள். பில் பிரிவில் இப்போது உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் முன் வரும் பட்டியலை எங்கள் பொரோபாபு படித்ததுபோல் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன். வணக்கம்.